வானுக்குள் நெருப்புக் காற்று: பழுது கொம்பிரசரிலா, பச்சை பிடித்த ஒரு பின்னிலா?

கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு நாள், மதியம் திரும்பிய நேரம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் எனது பட்டறைக்கு ஒரு பழைய ரொயோட்டா வான் வந்து நின்றது. சாரதி சம்பூர்க்காரர். 2006 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முகாம் வாழ்க்கை வாழ்ந்து ஊர் திரும்பியவர். அந்த வான்தான் வீட்டின் வருமானம். மூதூர்ப் பக்கத்து முதியவர்களைத் திருகோணமலைக்குக் கிளினிக் கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவரது தொழில்.

“அண்ணை, ஏசி போட்டால் நெருப்புக் காத்து வருது. இழுப்பு வருத்தக்காற அம்மா ஒராள் போன கிழமை வழியிலேயே மயங்கிப்போனா. கொம்பிரசர் மாத்தத்தான் வேணுமெண்டு ஒரு கராஜில சொல்லிப்போட்டாங்கள். மனுசியின்ர சங்கிலியை அடைவு வைக்கப்போறன்” என்றார்.

“சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் தம்பி. முதல்ல இந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கோ” என்றேன்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ஏசியும் போட்டிருக்க, டாஷ்போட்டுக்குள் நுழையும் தடித்த அலுமினியக் குழாயை அவர் தொட்டார். கை சில்லிட்டது. குழாயின் மேல் நீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கொம்பிரசர் வேலை செய்கிறது, வாயுவும் இருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது. குளிர் உண்டாகிறது, ஆனால் ஆட்களிடம் வந்து சேரவில்லை. இடையில் எதுவோ தடுக்கிறது.

உள்ளே இருக்கும் சின்னக் கதவுகள்

ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் குளிர்காலத்துக்கான ஹீற்றரும் இருக்கும். இயந்திரத்தைச் சுற்றிவரும், ஏறத்தாழ 90 பாகை சூடான தண்ணீர் அதற்குள் ஓடும். டாஷ்போட்டுக்குள் குளிர்க் கூடும் ஹீற்றர்க் கூடும் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதவு. அது ஒரு பக்கம் சாய்ந்தால் குளிர்காற்று நேரே வரும். மறுபக்கம் சாய்ந்தால் அதே காற்று ஹீற்றரின் ஊடாகச் சுற்றிச் சூடாகி வரும். இதுதான் கலப்புக் கதவு. காற்று முகத்துக்கா காலுக்கா என்று தீர்மானிக்க இன்னொரு கதவும், வெளிக்காற்றா உட்காற்றா என்று தீர்மானிக்க மூன்றாவது கதவும் உண்டு.

பழைய வாகனங்களில் இவற்றைக் கம்பி இழுத்தது. பிறகு வந்தவற்றில் ஒவ்வொரு கதவையும் ஒரு சிறு மோட்டர் திருப்புகிறது. அநேகமானவற்றில் அந்த மோட்டருக்கு 5 வயர்கள். 2 வயர்கள் மோட்டரைச் சுழற்ற. மற்ற 3 வயர்களும் கதவு இப்போது எங்கே நிற்கிறது என்று கொன்ரோல் பெட்டிக்குச் சொல்லும் நிலை அறி கருவிக்கு: ஒன்றில் 5 வோல்ற் வரும், ஒன்று ஏர்த், நடுவில் உள்ளது செய்தி வயர். கதவு நகர நகரச் செய்தி வயரின் வோல்ற்றும் ஏறி இறங்கும்.

ஆக, மோட்டர் சுகமாக இருந்தாலும், கதவு நிற்கும் இடம் பற்றிப் பெட்டிக்குப் பொய்ச் செய்தி போனால், கதவு பிழையான இடத்திலேயே நிற்கும்.

கழற்றுவதற்கு முன் செய்யவேண்டியவை

முதலில் பியூஸையும் பற்றரியையும் பாருங்கள். இயந்திரம் ஓடாதபோது நல்ல பற்றரியில் 12.6 வோல்ற் அளவில் இருக்கும். ஓடும்போது 14 வோல்ற்றுக்குக் கிட்ட வரவேண்டும். இது குறைந்தால் மற்ற எல்லா அளவும் உங்களை ஏமாற்றும்.

அடுத்தது காது. இயந்திரத்தை நிறுத்தி, சாவியை மட்டும் திறந்து, வெப்பநிலையைக் கடைசிக் குளிரிலிருந்து கடைசிச் சூட்டுக்கு மாற்றுங்கள். மெல்லிய இரைச்சல் கேட்டால் மோட்டர் சுழல்கிறது. ‘டக், டக்’ என்று கேட்டால் உள்ளே பற்சில்லு உடைந்திருக்கிறது. அது மின்சாரப் பழுதல்ல. ஒரு சத்தமும் இல்லையென்றால் மோட்டருக்கு மின் வரவில்லை, அல்லது கதவு சரியான இடத்தில் நிற்கிறது என்று பெட்டி நம்பிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, வாகனத்தையே கேட்பது. ஸ்கானர் இல்லாமலே இதைச் செய்யலாம். தானியங்கி ஏசி உள்ள பல ரொயோட்டா வாகனங்களில் ‘ஓட்டோ’ பொத்தானையும் உட்காற்றுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி சாவியைத் திறந்தால், விளக்குகள் மினுங்கிப் பின் இலக்கங்கள் வரும். 00 என்றால் பழுதில்லை. 31 என்றால் கலப்புக் கதவின் நிலை அறி கருவிச் சுற்றில் பிழை. 41 என்றால் கட்டளை கொடுத்தும் அந்தக் கதவு அசையவில்லை. 21 என்பது வெயில் உணரி. நிழலான பட்டறைக்குள் சோதித்தால் பழுதில்லாமலே 21 வரும். அதைப் பார்த்து உணரியை மாற்றிவிடாதீர்கள்.

எங்கள் வானில் 31 வந்தது. இலக்கம் சொல்வது எந்தச் சுற்று என்பதை மட்டும்தான். அந்தச் சுற்றில் உணரியும் உண்டு, வயரும் உண்டு, பிளக்கும் உண்டு.

மீற்றர் காட்டிய இடம்

பிளக்கைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தால் மெல்லிய ஊசி நுழைத்து அளந்தேன். மீற்றரின் கறுப்பு முனை பற்றரியின் மறை முனையில். 5 வோல்ற் வயரில் 5 இருந்தது. ஏர்த் வயரில் ஏறத்தாழச் சுழியம் இருக்கவேண்டும். அதிலும் 0.02 தான், பிழை இல்லை. ஆனால் அதே ஏர்த், பிளக்கைத் தாண்டி மோட்டர்ப் பக்கத்தில் 1.6 வோல்ற் காட்டியது. பிளக்கை விரலால் அசைத்தேன். 5 வரை பாய்ந்து திரும்பியது.

பழுது அந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில், ஒரு விரல் அகல இடத்துக்குள் இருந்தது. கழற்றினால், ஒரு பின்னில் பச்சைக் களிம்பு.

நடந்தது இதுதான். குண்டும் குழியுமான வீதியில் வான் குலுங்கும்போது ஏர்த் தொடர்பு அறுந்துவிடும். ஏர்த் இல்லாவிட்டால் செய்தி வயர் 5 வோல்ற் பக்கம் ஏறிவிடும். இந்த வானில் கூடிய வோல்ற் என்றால் கூடிய குளிர். ‘கதவு குளிர்ப்பக்கம் தாண்டிப்போய்விட்டது’ என்று பெட்டி நினைத்து, அதைச் சூட்டுப்பக்கம் தள்ளும். வீட்டு வாசலில் நன்றாக வேலை செய்த ஏசி, பாதி வழியில் நெருப்பாக மாறியதற்குக் காரணம் அதுதான்.

நிலை அறி கருவியையும் தனியே அளந்தேன். இரண்டு ஓரப் பின்களுக்கும் இடையில் 6 கிலோ ஓம் அளவில் இருந்தது. நடுப் பின் துள்ளாமல் சீராக ஏறி இறங்கியது. அது சுகம். துள்ளியிருந்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கும். மோட்டரை மாற்றவேண்டி வந்திருக்கும்.

ஏன் அந்தப் பின் பச்சை பிடித்தது?

இதைக் கேட்காமல் துடைத்துவிட்டு அனுப்பினால் வாகனம் திரும்பி வரும். குளிர்க் கூட்டில் வடியும் நீர் வெளியேற அடியில் ஒரு சிறு குழாய் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தது. வெளியேற வழியில்லாத நீர் பெட்டியின் விளிம்பால் வழிந்து, கீழே தொங்கிய பிளக்கில் சொட்டியிருக்கிறது. பிளக்கைப் பிடித்து வைக்கும் கிளிப்பும் இல்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் உள்மட்டைகள் கழற்றப்பட்டு, கிளிப்புகள் தொலைந்து, வயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும் வாகனங்கள் இப்போதும் என்னிடம் வருகின்றன.

அதோடு எங்கள் ஊரின் உப்பு. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை அங்கே வாகனங்கள் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தன. இன்று பாலத்தால் போனாலும் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு எந்த இடுக்கிலும் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் மின்னும் சேர்ந்தால் செம்பு பச்சையாகும்.

குழாயின் அடைப்பை எடுத்தேன். வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய பின் வைத்து, ஈயத்தால் பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு, மின் தொடர்புக்கான கிறீஸ் பூசி, பிளக்கை உயர்த்திக் கட்டினேன். பழுதுப் பதிவை அழித்துவிட்டு மறுபடி சோதித்தால் 00. அவர் கொடுத்தது ஒரு நாள் கூலி.

கவனம்

டாஷ்போட்டுக்குள் கை வைக்கும்முன் சாவியை மூடி, பற்றரியின் மறை முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுங்கள். மஞ்சள் நிற பிளக்குகள் பெரும்பாலும் காற்றுப்பையினுடையவை. அவற்றைத் தொடவோ அளக்கவோ கூடாது. மோட்டரைத் தனியே சோதிப்பதென்றால் பிளக்கைக் கழற்றி, சுழற்றும் 2 பின்களுக்கு மட்டும் சிறிய பியூஸ் ஒன்றின் ஊடாக 12 வோல்ற் கொடுக்கலாம். உணரிப் பின்களுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். 3 வயர் மட்டும் உள்ள புதிய வகைகளில் மோட்டருக்குள்ளேயே மின்னணுச் சுற்று இருக்கும்; அவற்றுக்கு நேரடியாக மின் கொடுத்தால் எரிந்துபோகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் புதிதாக வாங்கும் வசதி எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இருக்கும் பழையதைத்தான் ஓட்டவேண்டும். ஆகவே பெரிய பாகம் ஒன்றை மாற்றச் சொன்னால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “எதை அளந்து பார்த்தனீங்கள்? எவ்வளவு வந்தது?” அளந்தவரிடம் ஓர் இலக்கம் இருக்கும். இலக்கம் இல்லாவிட்டால் சங்கிலியைக் கழற்றவேண்டாம்.