ஹார்லெமும் சாம்பியன் ரீப்சும்

1925-இல் ஆலன் லாக் தொகுத்த 'புதிய நீக்ரோ' நூலில், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் தாங்கள் யார் என்பதைத் தாங்களே எழுதிக் காட்டினார்கள். அந்த எழுச்சிக்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியே மையம்.

மறு ஆண்டே நம் தங்கவயலிலும் அப்படியொன்று நடந்தது, அன்பர்களே! அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கி, 1914-இல் அவர் மறைந்தபின் நின்றுபோன வார இதழை ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். ஊரில் சேரிக்காரன் என்று ஒதுக்கப்பட்டு, இங்கே சுரங்கத்தில் இறங்கியவனின் கையில் இருந்த அந்தத் தாளின் பெயர் 'தமிழன்'!

ஹார்லெம்காரர்களுக்குப் புத்தகம் போட நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்கள் இருந்தன. சாம்பியன் ரீப்சில் சித்தார்த்த புத்தகசாலையைத் தாங்களே நடத்தினார்கள். எனக்கு இதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2018-இல் சென்னையில் கானாவும் ராப்பும் கலந்து மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்தே பெயர் எடுத்தது. ராப் பிறந்ததும் நியூயார்க்கில்தான்.