இரவு இரண்டரை மணி நகல்

கல்லூரி ஒன்றில் நெட்வொர்க் பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஐப்பசி மழையில் ஒருநாள் இடி இறங்கி, சர்வர் அறையின் பிரதான ஸ்விட்ச் கருகிவிட்டது. மறுநாளே மாற்று ஸ்விட்ச் வந்து சேர்ந்தது. “பேக்கப் இருக்கு சார், அரை மணி நேரத்துல ஏத்திடலாம்” என்று முதல்வரிடம் தெம்பாகச் சொல்லிவிட்டு ஃபோல்டரைத் திறந்தார். தேதிவாரியாக நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்கள். தினமும் இரவு 2.30-க்கு ஒன்று, ஒருநாள்கூடத் தவறவில்லை. திறந்து பார்த்தால் எல்லாமே 0 கேபி.

நான்கு மாதங்களுக்கு முன் ஸ்விட்சின் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். நகல் எடுத்துவரும் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டார்கள். அது தினமும் போய்க் கதவைத் தட்டி, வெறுங்கையோடு திரும்பி, ஒரு காலி ஃபைலைக் கடமை தவறாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நண்பர் அடுத்த இரண்டு நாள், கேபிள் கேபிளாகப் பிடித்துப் பார்த்து, எது லேப், எது ஹாஸ்டல், எது சிசிடிவி என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஸ்விட்ச், ரூட்டர், ஃபயர்வால் எதுவானாலும், கடையில் இருக்கும்வரை ஒரே மாடல் பெட்டிகள் எல்லாம் ஒன்றுதான். எந்தத் துளையில் யார், யார் யாரோடு பேசலாம், எந்தப் பாக்கெட்டைத் தடுக்க வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் சில நூறு, சில ஆயிரம் வரிகள்தான் அதை நம் பெட்டியாக்குகின்றன. அந்த வரிகளைத் தொழிலில் இருப்பவர்கள் கான்ஃபிக் என்கிறார்கள். பெட்டி போனால் காசு கொடுத்து வேறு வாங்கலாம். கான்ஃபிக் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சிஸ்கோ நிறுவனத்தின் பெரும்பாலான ரூட்டர்களில் இந்தக் கான்ஃபிக் இரண்டு இடங்களில் இருக்கும். இப்போது நடப்பில் இருப்பது ரேம் நினைவகத்தில். மின்சாரம் போனால் அதுவும் போகும். நிரந்தர நினைவகத்தில் இருப்பதுதான், மறுபடி கரண்ட் வந்து பெட்டி எழும்போது வாசிக்கப்படுவது. முன்னது வாய்ப்பேச்சு, பின்னது பதிவான பத்திரம். ‘ரைட் மெமரி’ என்று ஒரு கட்டளை தட்டினால்தான் பேச்சு பத்திரமாகும். அதைத் தட்ட மறந்து, ஆறு மாதம் கழித்து ஒரு மின்வெட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ் இயங்குதளம் இன்னும் தாராளம்: நடப்பில் உள்ளதோடு பழையவற்றையும் சேர்த்து 50 பதிப்புகள் வரை வைத்துக்கொள்ளும். ஆனால் ஐம்பதும் அதே பெட்டிக்குள். இடி அதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால்தான் நகல் வெளியே போக வேண்டும்.

மனிதர்களை நம்பி இந்த வேலையை விடக் கூடாது என்பது பழைய ஞானம். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே, 1979-இல், குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் கிரான் என்ற நிரல் இருந்தது. ‘30 2 * * *’ என்று எழுதி வைத்தால் போதும்: முப்பதாவது நிமிடம், இரண்டாவது மணி, எந்தத் தேதி, எந்த மாதம், எந்தக் கிழமையானாலும். சிஸ்கோ பெட்டியிலேயே ‘1440’ என்று நிமிடக் கணக்கு கொடுத்து, நாளுக்கொரு நகலைத் தானாக வெளியே அனுப்பச் சொல்லவும் முடியும்.

பெட்டிகள் நாற்பது, ஐம்பது என்று பெருகினால், ஒரு சர்வர் ஒவ்வொன்றாகப் போய் எடுத்து வருவதே வசதி. ரான்சிட் என்ற பழைய மென்பொருள் செய்வது இதைத்தான். (எண்ணெய் காறிப்போவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. அதற்கு மாற்றாக வந்ததன் பெயர் ஆக்சிடைஸ்டு, அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்தது. எண்ணெய் காறுவதும் அதனால்தானே.) ரான்சிட் கீபோர்டு முன் உட்கார்ந்த மனிதரைப் போல நடிக்கும். பாஸ்வேர்டு கேட்கும் வரை காத்திருக்கும், கேட்டதும் தட்டும். ‘டெர்மினல் லெங்த் 0’ என்று முதலில் ஒரு வரி சொல்லிவிடும். சொல்லாவிட்டால் பெட்டி ஒரு திரை அளவு காட்டி, ‘மோர்’ என்று நின்றுவிடும். யாராவது ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். இரவு இரண்டரைக்கு யார் தட்டுவது?

இத்தனையும் இடி விழும் நாளுக்காக மட்டும் என்றால் எனக்கு இதில் பெரிய சுவாரசியம் இல்லை. நகலின் உண்மையான பயன், இடி விழாத நாட்களில்தான். நேற்றைய நகலையும் இன்றைய நகலையும் பக்கத்தில் வைத்தால் எது மாறியது என்று தெரிந்துவிடும்.

சொல்வது எளிது. மூவாயிரம் வரி ஃபைல்கள் இரண்டை வரிசை எண்படி ஒப்பிட்டால் என்ன ஆகும்? ரேஷன் கடை வரிசையில் நான்காவது இடத்தில் ஒருவர் புகுந்துவிட்டார் என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லோருடைய எண்ணும் மாறிவிடும். ஆனால் புதிதாக வந்தவர் ஒருவர்தான். மேலே ஒரு வரி சேர்ந்தால், கீழேயுள்ள அத்தனை வரியும் மாறியதாகக் கணினி அலறும்.

பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹன்ட் என்பவரோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார். 1974-இல் யூனிக்ஸோடு டிஃப் என்ற நிரல் வெளியானது. கேள்வியை அவர்கள் திருப்பிப் போட்டார்கள். எது மாறியது என்று தேடாதே. இரண்டிலும் அதே வரிசையில் வரும் வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடி. அதில் சேராமல் மிஞ்சுவதே மாற்றம். 1986-இல் யூஜின் மயர்ஸ் இன்னொரு வேகமான முறையைக் கொடுத்தார். ஃபைல்களின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருள் இன்று வழக்கமாகப் பயன்படுத்துவது அவர் வழியைத்தான். மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் என்ற நிரலை 1990-இல் உருவாக்கிய ஐவரில் அவரும் ஒருவர். நகல்களை கிட்டில் சேமித்தால், எந்த இரவுக்கும் எந்த இரவுக்கும் இடையே என்ன மாறியது என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு சின்ன மாற்றத்தின் கனம் என்ன என்பதற்குக் கனடா சாட்சி. 2022 ஜூலை 8 அதிகாலை, ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரூட்டர்களில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வெள்ளமாக வந்த வழித்தடத் தகவல்களைத் தாங்க முடியாமல் மைய ரூட்டர்கள் விழுந்தன. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் போன், இணையம் இழந்தார்கள்; டெபிட் கார்டு தேய்க்க முடியவில்லை; பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது என்கிறது பின்னர் வந்த ஆய்வறிக்கை. பெட்டிகளை நிர்வகிக்கும் பாதையும் அதே மைய நெட்வொர்க்கின் மீதுதான் ஓடியது. ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே போட்டி நிறுவனத்தின் சிம் கார்டு தேவைப்பட்டது. நகலும் குறிப்பும் எங்கே இருக்கின்றன என்பதோடு, நெட்வொர்க் படுத்த பிறகு அங்கே போக முடியுமா என்றும் கேட்டாக வேண்டும்.

தினமும் மாற்ற அறிக்கை மெயிலில் வந்தால் வேறொரு தொல்லை. சில சிஸ்கோ பெட்டிகளின் கான்ஃபிக்கில் கடிகாரத் திருத்தத்துக்கான ஓர் எண், யாரும் தொடாமலே மாறிக்கொண்டிருக்கும். தினம் தினம் புலி வருது என்றால் நான்காம் நாள் யார் மெயிலைத் திறப்பார்கள்? இப்படிப்பட்ட வரிகளை ஒப்பிடும் முன்பே ரான்சிட் சலித்துவிடுகிறது.

இந்த ஃபைல்கள் திருடர்களுக்கும் வேண்டும். நிறுவனத்தின் வரைபடமே அதில் இருக்கிறது, பாஸ்வேர்டுகள் உட்பட. சிஸ்கோவின் ‘டைப் 7’ மறைப்பு பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரை ஏமாற்றும், அவ்வளவுதான், நொடியில் அவிழ்த்துவிடலாம். 2025 செப்டம்பரில் சோனிக்வால் நிறுவனத்தின் கிளவுடில் இருந்த ஃபயர்வால் பேக்கப்களைத் திருடர்கள் எட்டினார்கள். ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பெட்டிகள்தான் என்றார்கள் முதலில். அடுத்த மாதம், அந்த பேக்கப் சேவையைப் பயன்படுத்திய எல்லோருடையதும் என்று ஒப்புக்கொண்டார்கள். எனவே நகல் கிடங்குக்கு ஃபயர்வாலுக்கு நிகரான பூட்டு வேண்டும்.

நண்பரின் ஸ்கிரிப்டில் இப்போது இரண்டு வரி கூடியிருக்கிறது. ஃபைல் 2 கேபிக்குக் குறைந்தாலோ, கடைசி வரியில் கான்ஃபிக்கின் முடிவைக் குறிக்கும் ‘எண்ட்’ இல்லாவிட்டாலோ அவர் போன் அடிக்கும். மாதம் ஒருமுறை, ஒரு நகலை எடுத்து மேஜையில் கிடக்கும் பழைய ஸ்விட்சில் ஏற்றியும் பார்க்கிறார்.

உங்கள் வீட்டு வைஃபை ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலும் ‘பேக்கப்’ என்றொரு பொத்தான் இருக்கக்கூடும். இன்றிரவே ஒருமுறை அழுத்தி, வரும் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும், இணைய நிறுவனம் தந்த லாகினும் இருக்கலாம் என்பதால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.