தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்காதீர்கள்!



இம்முறை நாம் பேசப்போவது கக்கூஸ் தொட்டியைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம். நம் பிள்ளைகளின் வயிற்றையும் நம் ஆட்களின் உயிரையும் பொறுத்த விஷயம் இது.

1915 முதல் 1917 வரை டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. அக்காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் வெறுங்காலோடு மரம் வெட்டினார்கள். வெளிக்குப் போனதும் ரப்பர் காட்டில்தான். மலத்தோடு விழுந்த புழு முட்டை ஈர மண்ணில் பொரித்து, பாதத்தைத் துளைத்து உடம்பில் ஏறும். குடலில் தொங்கி இரத்தத்தைக் குடிக்கும். மலத்தை மண்ணிலிருந்து பிரித்து வைப்பதே அதற்குத் தடுப்பு. தொட்டி செய்வது அந்த வேலையைத்தான்.

தொட்டியில் கனமானது அடியில் மண்டியாகத் தங்கும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். கிருமிகள் மண்டியில் ஒரு பகுதியைத் தின்னும், முழுவதையும் அல்ல. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண்டியை எடுத்தே ஆகவேண்டும். ஈஸ்ட் போட்டால் கரைந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். குளோராக்ஸை வாளி வாளியாக ஊற்றினால் நல்ல கிருமிகளும் செத்துப்போகும்.

கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா? தொட்டிப் பக்கம் மழையில்லாமலே மண் ஈரமா? காண் நாறுகிறதா? தொட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். பக்கத்தில் கிணறு இருந்தால், கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

தோழர்களே, இதை மட்டும் மறக்க வேண்டாம். மூடியைத் திறந்து வாளியோடு எவரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. அடுத்த நிமிடம் ஆள் சாய்ந்துவிடுவான். தூக்கப் போனவனும் சாய்வான். தமிழ்நாட்டில் இப்படி அண்ணன் தம்பியாகச் செத்தவர்கள் உண்டு. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள்.

சுங்கைப் பட்டாணி டவுனில் இண்டா வாட்டர் லாரி வருகிறது. சிடாம் கிரி பக்கம் உள்ளே தள்ளிக் கிடக்கும் லயங்களில், ‘காசு யார் கொடுப்பது?’ என்ற பேச்சிலேயே தொட்டி வழிந்துவிடுகிறது. தோட்டத்து வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைக்கும் பொறுப்பை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளிமேல் வைத்திருக்கிறது. ஆபீசுக்கு எழுத்து மூலம் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

லாரி வந்து நிற்கப் பாதை வேண்டும்; தொட்டி மூடிமேல் சிமெண்டு பூசியோ கோழிக்கூண்டு வைத்தோ அடைத்துவிடாதீர்கள். கடைசியாக மண்டி எடுத்த தேதியைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். தேதி தெரியாத தொட்டிகளை, அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே கணக்கெடுங்கள்.