ஷோகேஸில் பூட்டிய கதைப்புத்தகம்



போன வருஷம் என் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். ஆலிஸின் அற்புத உலகம், ஆங்கிலத்தில். கெட்டி அட்டை, தங்க எழுத்து, தாள் ஓரமெல்லாம் பொன் நிறம், அடையாளம் வைக்கப் பட்டு ரிப்பன். பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் வீடு தொப்பூர் கணவாய் ரோட்டோரம். லாரிப் புழுதிக்குப் பஞ்சமில்லை. "கைபட்டா அழுக்காயிடும், பெரியவளானதும் படிச்சுக்கோ" என்று சொல்லி, ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டேன். வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. மகள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது புத்தகத்தை எடுத்தால், பகீரென்றது. சுவரின் ஈரம் ஏறி, கடைசித் தாள்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பிள்ளை கை படக்கூடாது என்று வைத்ததைப் பூச்சி படித்திருக்கிறது!

என் மாமியார் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. அட்டை நைந்து, எண்ணெய்க் கறை வேறு. "இதை நாலு வீட்டுப் பிள்ளைங்க படிச்சாச்சு. பூச்சிக்கு எங்கே நேரம் இருந்துச்சு?" என்றார். சுருக்கென்றது.

பக்கத்து வீட்டு டீச்சர் சொன்ன விஷயம் இன்னும் உறுத்தியது. 1862-இல் படகில் போகும்போது, ஆலிஸ் என்ற பத்து வயதுச் சிறுமிக்கும் அவள் சகோதரிகளுக்கும் லூயிஸ் கரோல் சொன்ன கதையாம் இது. எழுதித் தரும்படி அவள் கேட்க, தன் கையாலேயே எழுதி, 37 படங்களும் வரைந்து 1864-இல் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அச்சில் வந்தது அடுத்த வருஷம்தான். ஒரு பிள்ளை கேட்டதற்காகப் பிறந்த புத்தகத்தை, என் பிள்ளை கேட்டும் நான் கொடுக்கவில்லையே!

இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பக்கம். புரியாத வார்த்தைக்கு அகராதி. மகள் படித்துத் தமிழில் சொல்ல, கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடும் முயலை நினைத்துப் பாட்டி சிரிக்கிறார். நாலாம் பக்கத்தில் இட்லிப் பொடிக் கறைகூட விழுந்துவிட்டது. நான் திட்டவில்லை.

அழகான புத்தகம் பரிசாக வந்தால் பூட்டி வைக்காதீர்கள். செய்தித்தாளில் அட்டை போட்டு, பிள்ளை கையில் கொடுங்கள். படிக்காத நாளில் ஈரச் சுவரை ஒட்டி வைக்காமல், பக்கத்தில் வசம்புத் துண்டு ஒன்று போட்டு வையுங்கள். அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடிக்கும் வசம்புதான் காவல் என்பார் மாமியார்.

- ஒரு வாசகி, தொப்பூர், தருமபுரி மாவட்டம்.