இரும்பின் ஜாதகம்

சென்னைப் பட்டணத்தின் வட பகுதியில் மூலக்கொத்தளம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. மூலையிலே நின்ற கொத்தளம் என்பதுதான் பெயரின் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியிருந்து, பழைய கதையைச் சொல்கிறது.

பழைய யந்திரங்களும் இவ்வாறே தங்கள் கதையைச் சொல்லும். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது முதல், பட்டறைத் தொழில் வடசென்னையின் வாழ்வோடு பிணைந்துவிட்டது. அத்தொழிலுக்கு ஆதாரமானது கடைசல் யந்திரம். தொழிலாளர் அதை 'லேத்' என்பார்கள். அச்சும் திருகாணியும் மட்டுமா, இன்னொரு லேத்துக்கு வேண்டிய உறுப்புக்களையும் அதிலேயே கடைந்து எடுக்கலாம். யந்திரங்களுக்கெல்லாம் அதைத் தாய் என்று சொன்னால் தகும்.

அந்தத் தாயின் வயதை அறிவது எப்படி?

முதலில் மோட்டாரை நம்பக்கூடாது. பழைய லேத்துகள், கூரையடியில் சுழலும் தண்டிலிருந்து தோல்வார் இழுக்க ஓடியவை. மின்சார மோட்டார் பின்னால் வந்து சேர்ந்ததாயிருக்கலாம். மோட்டார்த் தகட்டைக் கொண்டு லேத்தின் வயதைச் சொல்வது, பேரன் ஜாதகத்தைப் பார்த்துத் தாத்தாவின் வயதைக் கணிப்பது போலாகும். சக், பல்சக்கரம், கைப்பிடி ஆகியவையும் மாறக்கூடியவையே. எளிதில் மாறாதது, எல்லாவற்றையும் தாங்கும் வார்ப்பிரும்புப் படுகை. அமெரிக்காவின் 'சவுத் பெண்ட்' லேத்துகளில், படுகையின் வலது கோடியில், முன்புறத் தடங்களுக்கிடையே வரிசை எண் வெட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தால் எண் தெளிவாகும். அரமும் உப்புத்தாளும் கூடவே கூடாது. அழுக்கோடு எண்ணும் போய்விடும்!

எண் அழிந்திருந்தாலும் வேறு சாட்சிகள் உண்டு. அமெரிக்கப் பேடண்டு எண்களில் பத்து லட்சமாவது 1911-லும், இருபது லட்சமாவது 1935-லும் வழங்கப்பட்டன. ஆகவே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பேடண்டு எண்ணைத் தாங்கிய உறுப்பு 1935-க்கு முந்தியதாக இருக்க முடியாது. யுத்த உற்பத்தி வாரியத்தின் விதிப்படி வர்ணம் பூசியதென்று அறிவிக்கும் தகடு இருந்தால், அது 1942 முதல் 1945 வரையிலான காலத்தைக் குறிக்கும். யுத்த காலத்தில் மெருகிலும் சிக்கனம் வேண்டியிருந்ததல்லவா? 'மேற்கு ஜெர்மனி' என்ற பெயரோ, 1949-ல் பிறந்து 1990-ல் மறைந்த ஒரு நாட்டின் பெயர்.

ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாகாது. மூன்று நான்கு குறிகள் ஒன்றையொன்று ஆதரித்தால்தான் வயது உறுதியாகும்.

இக்குறிகளில் நமது தேசத்தின் சரித்திரமும் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் பட்டறைகள் யந்திரங்களுக்குப் பிற நாடுகளையே பெரிதும் எதிர்பார்த்திருந்தன. 1941-ல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் தொழிற்சாலை தோன்றியது. சுதந்திரம் வந்தபின், 1953-ல், பெங்களூரில் 'ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்' சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் துணையோடு ஏற்பட்டது. எனவே லேத்தின் நெற்றியில் ஹரிஹர் அல்லது பெங்களூர் என்ற பெயரைக் காண்பது சாதாரண விஷயமன்று. கருவியைச் செய்யும் கருவியையே நாம் செய்யத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு அது அத்தாட்சி.

காயலாங்கடைத் தராசு இரும்பின் எடையை மட்டுமே அறியும். வயது தெரிந்தாலோ, அந்த யந்திரத்துக்கு இசைந்த உறுப்பைத் தேடிப் பொருத்தி மறுபடியும் ஓட்டலாம். அதன் அருமை அறிந்து விலை பேசலாம். மூத்தோர் விட்டுச் சென்ற பட்டறை எந்தக் குடும்பத்திலாவது பூட்டிக் கிடந்தால், தராசில் ஏற்றுமுன் அதிலுள்ள எழுத்துக்களை ஒருமுறை படித்து, ஏட்டில் குறித்து வைப்பார்களாக. உருக்கிய இரும்பு வேறு உருவில் திரும்பி வரும். உருகிப்போன எழுத்து வராது.