நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

ரோல்ஸ் ராய்ஸ் 1907இல் தயாரித்த 'சில்வர் கோஸ்ட்' பெயருக்கேற்றபடி வெள்ளி நிறம். உடம்புக்கு அலுமினியப் பெயின்ட், விளக்குகளுக்கும் கைப்பிடிகளுக்கும் வெள்ளி முலாம். அதே காரை லண்டன் லெஸ்னி கம்பெனி 1960இல் உள்ளங்கைக்குள் அடங்கும் மாடலாக வார்த்தபோது, மினுமினுக்கும் இளம்பச்சை அடித்து விற்றது. இந்தப் பச்சைக் கார் கையில் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, விரல் ரேகைகூடப் படாமல் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டும். இன்னொரு கட்சி காரைக் குப்புறக் கவிழ்த்து, எந்த ரிவெட்டில் டிரில்லை வைக்கலாம் என்று பார்க்கும்.

முதல் கட்சிக்கு இரண்டாம் கட்சியைக் கண்டால் ஆகாது. அவர்கள் பாஷையில் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது 'கோட் 1'. கம்பெனியின் அனுமதியோடு வேறொருவர் மாற்றியது 'கோட் 2'. நம் வீட்டு மேஜையில் நாமாகப் பெயின்ட் அடித்தது 'கோட் 3'. இந்த மூன்றாவதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் இளக்காரம் தொனிக்கும். பெட்டியோடு இருக்கும் நல்ல மாடலில் கை வைப்பது பாவம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சக்கரம் போய், கண்ணாடி உடைந்து, பெயின்ட் உரிந்து, பழைய சாமான் கடையில் கிடக்கும் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதைத் தொட்டால்தான் புண்ணியம்.

லெஸ்னி கதையே ஒரு பட்டறைக் கதைதான். கடற்படையில் இருந்த லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் (பெயர்தான் ஒன்று, உறவில்லை) 1947இல் தொடங்கிய வார்ப்புக் கம்பெனி அது. அதில் வந்து சேர்ந்த எஞ்சினியர் ஜாக் ஓடெல். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று மகளின் பள்ளியில் சொல்லிவிட, அவளுக்காகப் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் ஒன்றைச் செய்துகொடுத்தார். 1953இல் மேட்ச்பாக்ஸ் கார்கள் அப்படிப் பிறந்தன. ஓடெலுக்குப் பழைய வண்டிகள் மீது தனிப் பிரியம். 1956இல் 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்' என்ற வரிசை வந்தது அந்தப் பிரியத்தால்தான். 1929 பென்ட்லி, 1926 புகாட்டி, 1911 மாடல் டி ஃபோர்டு எல்லாம் அதில் உண்டு. சிலவற்றுக்குத் தங்க, வெள்ளி முலாம் பூசி, சாம்பல் கிண்ணத்தின் மேல் பொருத்திப் பரிசுப் பொருளாகவும் விற்றார்கள். 1982இல் லெஸ்னி நொடித்துப்போனது. வரிசை கைமாறிக் கைமாறித் தொடர்ந்தது.

இந்த உலகத்தில் அதிகம் அடிபடும் அளவு 1:43. இது ரயிலிலிருந்து வந்த கணக்கு. 'ஓ' கேஜ் பொம்மை ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர், வகுத்தால் 43.5 வருகிறது. ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி தன் ரயில்களுக்குத் துணையாக நிறுத்த வார்த்த வண்டிகள்தான் 1934இல் டிங்கி டாய்ஸ் ஆயின. லெஸ்னி இந்த அளவையெல்லாம் கறாராகப் பார்க்கவில்லை. பெட்டியின் அளவு முதலில், காரின் அளவு பிறகு. அதனால் யெஸ்டர்இயர் வரிசையில் கார் ஓர் அளவிலும் டிராம் அதைவிடப் பல மடங்கு சுருங்கியும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டிராம் ஓட்டுநர் எறும்பாகத்தான் இருக்க வேண்டும்.

காரைச் சுருக்கிவிடலாம். பெயின்ட்டைச் சுருக்க முடியாது. டீட்டெய்லிங் எனப்படும் நுணுக்க வேலையின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. மாடலின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், 1:43 கணக்கில் அது நிஜக் காரின் மேல் 4.3 மில்லிமீட்டர். பல வருடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கதவு இடுக்கும் பானெட் கோடும் மூழ்கிப்போகும். மெட்டாலிக் பெயின்ட்டில் மினுங்கும் துகளையும் அதே கணக்கில் பெருக்கிப் பாருங்கள், காசு காசாகத் தெரியும். சுத்தக் கறுப்பு அடித்தால் கார் பொம்மையாகவே நிற்கும். ஒரு துளி சாம்பல் கலந்தால்தான் தள்ளி நின்று நிஜக் காரைப் பார்க்கிற உணர்வு வரும். உண்மையான நிறத்தை அப்படியே அடிப்பது இங்கே தப்பு.

வேலை வரிசை, டிங்கரிங் பட்டறையில் நிஜக் காருக்கு நடப்பதுதான். மூன்று மில்லிமீட்டர் பிட்டால் ரிவெட்டின் தலையை மட்டும் அரைத்தெடுத்தால் அடித்தட்டு கழன்று வரும். சீட், ரேடியேட்டர், சக்கரம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துவிட்டு, உலோக உடம்பை மட்டும் பெயின்ட் ரிமூவரில் போட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை கட்டாயம். பழைய பெயின்ட் சுருங்கி எழும்பியதும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வாட்டர் பேப்பர் போட்டு, மெல்லிசாகச் சர்ஃபேசர் என்ற அடிப்பூச்சு. அதன் மேல் ஸ்ப்ரே, தூவினாற்போல் பல தடவை. அவசரக்காரர்கள் ஒரே தடவையில் அடித்து வழியவிடுவது இங்கேதான். எதன் மேல் எது என்பதும் முக்கியம். காய்ந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டின் மேல் எனாமல் நிற்கும். எனாமலின் மேல் என்.சி. பட்டால் அதன் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கிவிடும்.

அதன் பிறகு வருவதுதான் ருசி. ரேடியேட்டரை எடுத்துக்கொள்வோம். கறுப்பு எனாமலை டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்து வலைமேல் விட்டால், அது தானாகப் பள்ளங்களுக்குள் ஓடி உட்காரும். கொஞ்சம் காய்ந்ததும் மேடுகளை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் தனித்துத் தெரியும். லெஸ்னி விளக்குகளின் தங்க முலாம் கல்யாண மண்டப அலங்காரம் போல் ஜொலிக்கும். அதன் மேல் மெல்லிய பழுப்புக் கரைசல் ஒரு கை போனால் நிஜப் பித்தளையாக அடங்கிவிடும். சீட்டில் பட்டன் வைத்துத் தைத்த தோலை அச்சிலேயே வார்த்திருப்பார்கள், ஆனால் பிளாஸ்டிக் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். மேட் வார்னிஷ் ஒரு பூச்சு, குழிகளில் கரும்பழுப்பு, அவ்வளவுதான். கதவுக் கைப்பிடிக்குத் தூரிகை வேண்டாம், பல்குச்சி முனை போதும். இத்தோடு நிறுத்தத் தெரிய வேண்டும். எல்லா இடுக்கிலும் கறுப்பு விட்டு, எல்லா விளிம்பிலும் வெள்ளி தடவிய மாடல்களைக் கண்காட்சிகளில் பார்த்தால் எனக்குக் கார்ட்டூன் ஞாபகம்தான் வரும்.

படிக்கவும் வேண்டியிருக்கும். மாடல் டி என்றாலே கறுப்பு என்று நினைத்து 1911 காருக்குக் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். ஃபோர்டு கறுப்பு மட்டும் விற்றது 1914 முதல் 1925 வரை. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, சாம்பல், நீலம் எல்லாம் இருந்தன. டயர் விஷயமும் அப்படித்தான். ரப்பரில் கரித்தூள் கலக்கும் வழக்கம் வருவதற்கு முன் டயர் வெளிறிய நிறம். அந்தக் காலத்துக் காருக்கு வெள்ளை டயர் போடுவது ஆடம்பரம் அல்ல, சரியான கணக்கு.

சரி செய்யவே முடியாத ஒரு நோயும் உண்டு. இந்தக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுபவை. வார்க்கும்போது அதில் ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பல அப்படிப் போயின. சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. அட்டைப்பெட்டிக்கு ராமபாணப் பூச்சி வேறு. சிலிக்கா ஜெல் பொட்டலமும் வெயில் படாத அலமாரியும் முதலில் வாங்குங்கள், கார் பிறகு.

வெளிநாட்டு மாடல்களுக்குக் காசு இறைக்க முடியாதவர்களுக்கு நம் ஊரிலும் வழி உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களை வார்த்தன. பெயின்ட் தடிமன், முடிப்பு முரடு. இன்று அவையும் சேகரிப்பாளர்கள் தேடும் சரக்கு, கை வைக்காதீர்கள். கற்றுக்கொள்ள சென்டி டாய்ஸின் பிளாஸ்டிக் அம்பாசடர் போதும். ரிமூவர் மட்டும் இதற்கு ஆகாது, பிளாஸ்டிக் உருகிவிடும்; கழுவிவிட்டு நேராகச் சர்ஃபேசர் அடிக்கலாம். கம்பிக் கோடுகளுக்குச் சில்வர் பேனா, உள்ளே சீட்டுக்கு மேட் வார்னிஷ். 1960களின் சென்னைக் காராக ஆக்க ஆசைப்பட்டால் நம்பர் பிளேட்டில் ஜாக்கிரதை. இன்று நாம் பார்க்கும் டி.என். வரிசை அப்போது கிடையாது. எம்.எஸ். போன்ற எழுத்துகளில் தொடங்கும் எண்கள்தான். சொந்தக் கார் என்றால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. காகிதத்தில் அச்சடித்து ஒட்டும்போது வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரியும், அதற்கும் ஒரு கறுப்பு மார்க்கரைத் தயாராக வைத்திருங்கள்.