சல்லிக்காசு பெறாததற்கு 29 எழுத்து

ஒன்றைச் சல்லிக்காசு பெறாது என்று ஒதுக்கித் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் 29 எழுத்துகள் கொண்ட சொல் ஒன்று உண்டு: ஃப்ளாக்ஸிநாஸிநைஹிலிபிலிஃபிகேஷன். மதிப்பில்லாதது என்று கருதுவது, அப்படி முடிவு கட்டுவது என்பது இதன் பொருள்.

சொல்லின் முதல் நான்கு துண்டுகள் லத்தீன் பெயர்ச்சொற்கள். ஃப்ளொக்கஸ் என்றால் கம்பளி மயிரின் சிறு பிசிறு. நௌக்கம் என்றால் அற்பப் பொருள். அது கொட்டையின் ஓடா, தோலா என்று ரோமானிய இலக்கண ஆசிரியர்களே ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நிஹிலம் என்றால் ஒன்றுமில்லாதது. பிலஸ் என்றால் மயிர். கடைசித் துண்டு, 'செய்தல்' என்று பொருள்படும் ஃபாகெரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது.

இந்த வேர்கள் வேறு ஆங்கிலச் சொற்களிலும் வாழ்கின்றன. கலங்கல் நீரில் படிகாரம் கலந்ததும் அழுக்குத் துகள்கள் பஞ்சுபோல் திரளும். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இதைக் குறிக்கும் ஃப்ளாக்குலேஷன் என்ற சொல்லில் இருப்பது அந்தக் கம்பளிப் பிசிறுதான். நிஹிலிசத்தில் 'ஒன்றுமில்லாதது' இருக்கிறது. முடி நீக்கும் களிம்புக்கான டெபிலேட்டரியில் இருப்பது மயிர்.

ஒன்றை இவ்வளவுதான் மதிக்கிறேன் என்று சொல்லும்போது, அந்த மதிப்பைக் குறிக்கும் பெயரை லத்தீன் ஆறாம் வேற்றுமையில் வைக்கும். ஃப்ளொக்கி, நௌக்கி, நிஹிலி, பிலி என நான்கும் ஒரே ஓசையில் முடிவது அதனால்தான். ஈட்டன் பள்ளியின் லத்தீன் இலக்கண நூல், மதித்தல் என்ற பொருள் தரும் வினைகளோடு சேரும் சொற்களை இதே வரிசையில் அடுக்கியிருந்தது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பட்டியலில் பின்னால் வருபவற்றில் செப்புக் காசும் அதில் கால்வாசியும் உண்டு. நல்லவேளையாக, சொல்லை ஒட்டியவர் காசுகளுக்கு முன்பே நிறுத்திக்கொண்டார்.

எழுத்துக்கூட்டலுக்கும் இந்த இலக்கணம் கைகொடுக்கும். 6, 5, 6, 4 என நான்கு துண்டுகள், 8 எழுத்தில் ஒரு வால் என்று பிரித்துக்கொண்டால் போதும். 'ஐ' என்ற எழுத்து 9 முறை வருகிறது. அவற்றில் நான்கு வேற்றுமை உருபுகள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 'ஈ' ஒரு முறைகூட இல்லை. பலரும் சறுக்குவது 'சி' எழுத்தில். முதல் துண்டில் அது இரட்டிப்பதால், ஆக்ஸிடென்ட் என்பதில் உள்ளதுபோல 'க்ஸி' என்று ஒலிக்கிறது. இரண்டாம் துண்டில் ஒன்றே இருப்பதால் வெறும் 'ஸி'. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டே தன் நாட்குறிப்பில் நௌக்கி இருக்க வேண்டிய இடத்தில், 'சில' என்று பொருள்படும் பௌக்கியை எழுதிவைத்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் முதல் சான்று 1741இல் கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டன் எழுதிய கடிதம். பணத்தைத் துச்சமாக நினைத்த ஒருவரைப் பாராட்டத்தான் அவர் இதைப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு இந்தச் சொல் பொருளுக்காக எடுத்தாளப்பட்டதைவிட நீளத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டதே அதிகம். நீளமான ஆங்கிலச் சொல் என்றதும் நினைவுக்கு வரும் ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்கூட 28 எழுத்துதான். நுரையீரல் நோய் ஒன்றுக்கு 1930களில் சூட்டப்பட்ட 45 எழுத்துப் பெயர் இரண்டையும் முந்திவிடும் என்றாலும், அது நீளத்துக்கென்றே செய்த சொல்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜேக்கப் ரீஸ்-மாக் 2012இல் இதை உச்சரித்தார். இந்தியாவில் இதைப் பரப்பியவர் சசி தரூர். நரேந்திர மோடியைப் பற்றிய தன் புத்தகத்தை 2018இல் ட்விட்டரில் அறிமுகப்படுத்தியபோது, அது வெறும் ஃப்ளாக்ஸிநாஸிநைஹிலிபிலிஃபிகேஷனுக்கும் மேலானது என்று எழுதினார். பலர் அகராதியைப் புரட்டினார்கள். கொரோனா மருந்துகளின் வாயில் நுழையாத பெயர்களுக்குத் தரூர்தான் காரணமோ என்று தெலங்கானா அமைச்சர் கே.டி. ராமா ராவ் 2021இல் கிண்டலடித்தபோது, தான் நிரபராதி என்று மறுத்த பதிலிலும் தரூர் இதே சொல்லைச் செருகினார்.